முள்வேலிக்குள் நாலு மணி நேர டியூட்டி

(பட்டிமன்றத் தலைப்பு: துன்பம் வரும்போது மனிதரைப் பெரிதும் தாங்கி நிற்பது உறவே! நம்பிக்கையே! கடமையே! – ‘கடமையே’ அணியில் இரண்டாவதாகப் பேசியது)



உறவு அணியில பேசின தம்பி சொன்னார், “எனக்குக் காய்ச்சல்னா என் மனைவி ராத்திரி பூரா தூங்க மாட்டா”ன்னு. ரொம்ப சந்தோஷம். அவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவங்களுக்குக் காய்ச்சல்னா நீங்க தூங்க மாட்டீங்களா தம்பி? (சிரிப்பு, கைதட்டல்) வேண்டாம், பதில் சொல்லாதீங்க. அவங்க டி.வி.யில பாத்துக்கிட்டு இருப்பாங்க. (பலத்த சிரிப்பு)

நம்பிக்கை அணித் தலைவர் இன்னும் அழகாச் சொன்னார். “எந்த ராத்திரியும் விடிஞ்சுதான் ஆகணும், அந்த நம்பிக்கைதான் மனுஷனைத் தாங்குது”ன்னார். விடியும்னு நம்பறவன் போர்த்திக்கிட்டுத் தூங்கிடுவான் ஐயா. விடியற வரைக்கும் முழிச்சிருக்க ஒரு ஆள் வேணுமே? அதுக்குப் பேருதான் நைட் டியூட்டி! (கைதட்டல்)

அந்த நைட் டியூட்டி பார்க்கிறவங்களைப் பத்தித்தான் இன்னைக்கு நான் பேச வந்திருக்கேன். நர்சுகள். திருவள்ளுவர் மருந்து அதிகாரத்துல கடைசிக் குறள்ல வைத்தியத்தை நாலாப் பிரிக்கிறார். நோயாளி ஒண்ணு, வைத்தியர் ரெண்டு, மருந்து மூணு. நாலாவதா யாரைச் சொன்னார்? பக்கத்துல இருந்து மருந்தைக் கொடுத்துப் பார்த்துக்கிற ஆளைச் சொன்னார். அந்த நாலு பேர்ல மத்த மூணையும் நாம ஞாபகம் வச்சிருக்கோம். டிஸ்சார்ஜ் ஆகி வரும்போது டாக்டருக்குப் பெரிய கும்பிடு. நாலாவது ஆளோட பேரு கேட்டா, “அந்த... கண்ணாடி போட்ட சிஸ்டர்” அப்படிம்போம். (சிரிப்பு)

அந்த நாலாவது ஆளை ஒரு போர்க்களத்துல கொண்டுபோய் நிறுத்தினா என்ன ஆகும்? எதிரி பிடிச்சு மூணு வருஷம் அடைச்சு வச்சா என்ன ஆகும்? இது கற்பனை இல்லை ஐயா, நடந்தது. நடந்த இடம் பிலிப்பைன்ஸ்.

1941 டிசம்பர். அப்போ பிலிப்பைன்ஸ் அமெரிக்காவோட ஆட்சியில இருந்தது. மணிலாவுல சுமார் நூறு அமெரிக்க ராணுவ நர்சுகள். மணிலா போஸ்டிங்னா அன்னைக்கு ஏக டிமாண்டு. நல்ல கடற்காத்து, கொஞ்சம் வேலை, சாயங்காலம் நடனம், விருந்து. நம்ம ஆபீசுகள்ல ஊட்டிக்கு மாற்றல் கேக்கற மாதிரி கேட்டு வாங்கிக்கிட்டு வந்தவங்க அவங்க. போருக்குன்னு எந்தப் பயிற்சியும் கிடையாது. பேர்ல் துறைமுகத்துல குண்டு விழுந்த சில மணி நேரத்துக்குள்ள மணிலாவைச் சுத்தியும் குண்டு விழ ஆரம்பிச்சுது. அமெரிக்கப் படையும் பிலிப்பினோ படையும் பின்வாங்கி, பட்டான் என்கிற மலைக்காட்டுத் தீபகற்பத்துக்குள்ள போச்சு. நர்சுகளும் கூடவே போனாங்க.

அங்கே ஒரு ஆஸ்பத்திரி இருந்தது. ‘இரண்டாம் எண் மருத்துவமனை’ன்னு பேரு. சுவர் கிடையாது, கூரை கிடையாது. மரத்தடியில கட்டில். ஆயிரக்கணக்கான நோயாளிகள். மருந்து தீர்ந்துபோச்சு. மலேரியா வந்தவனுக்குப் பக்கத்துல, மலேரியா வந்த நர்சே காய்ச்சலோட நின்னு வைத்தியம் பார்த்தாங்க. சாப்பாடு அரை ரேஷன் ஆச்சு, அப்புறம் அதுவும் குறைஞ்சுது. குதிரைப்படையோட குதிரைகளையே வெட்டிச் சாப்பிடற நிலைமை வந்தது. வெள்ளை யூனிஃபார்ம் காட்டுக்கு ஆகுமா? விமானப்படை மெக்கானிக்குகள் போடற தொளதொள உடுப்பைச் சுருட்டி மடிச்சுப் போட்டுக்கிட்டாங்க. ஒரு ஆள் உடுப்புக்குள்ள ரெண்டு நர்சு புகுந்துக்கலாம்! (சிரிப்பு)

1942 ஏப்ரல் 8ஆம் தேதி ராத்திரி. மறுநாள் பட்டான் சரணடையப் போகுது. நர்சுகளை மட்டும் படகுல ஏத்திப் பக்கத்துல இருக்கிற கொரகிடோர் தீவுக்கு அனுப்பணும்னு மேலிடத்து உத்தரவு. இங்கேதான் நீங்க ஒரு பெயரைக் கவனிக்கணும். ஜோசஃபின் நெஸ்பிட். அந்த ஆஸ்பத்திரி நர்சுகளுக்குத் தலைவி. உத்தரவு அமெரிக்க நர்சுகளுக்கு மட்டும்தான்னு தெரிஞ்சுது. கூட வேலை பார்த்த பிலிப்பினோ நர்சுகள்? அவங்களைப் பத்தி உத்தரவுல ஒரு எழுத்து இல்லை. அந்த அம்மா என்ன செஞ்சாங்க தெரியுமா? என் பிலிப்பினோ பெண்கள் வரலைன்னா நானும் போகப்போறதில்லைன்னு நின்னுட்டாங்க. மேலிடம் இறங்கி வந்துச்சு. எல்லாரும் படகு ஏறினாங்க. (கைதட்டல்)

(நடுவர்: ஏம்மா, இது உறவு ஆச்சே? அந்தப் பொண்ணுங்க மேல பாசம் வச்சதாலதானே அந்தம்மா நின்னாங்க? உறவு அணிக்குப் பாயிண்ட் எடுத்துக் கொடுக்கறீங்களே!)

ஐயா, நீங்க இப்படிக் கேப்பீங்கன்னு தெரிஞ்சுதான் அடுத்ததை வச்சிருக்கேன். (சிரிப்பு) கட்டில்ல கிடந்த ஆயிரக்கணக்கான நோயாளிகள் அவங்களுக்கு உறவா? இல்லை. ஆனா அந்த நோயாளிகளை விட்டுட்டுப் படகு ஏறினதைத்தான் அந்த நர்சுகள் சாகற வரைக்கும் மறக்கலை. உத்தரவை மீற முடியாது, போனாங்க. தப்பிச்சோம்னு சந்தோஷப்பட்டிருக்கணும்ல? வயசான பிறகும் அந்த ராத்திரியைப் பேசும்போது அவங்களுக்கு மனசு ஆறலை. முகம் தெரியாத நோயாளிக்காக ஒருத்தர் ஆயுசு பூரா வருத்தப்படறதுக்கு உறவுன்னு பேர் வைக்க முடியுமா ஐயா? நான் கடமைன்னு வைக்கிறேன். தீர்ப்பு உங்க கையில. (கைதட்டல்)

கொரகிடோர்ல மலையைக் குடைஞ்ச ஒரு சுரங்கம். மலிண்டா சுரங்கம்னு பேரு. அதுக்குள்ள ஆஸ்பத்திரி. மேலே குண்டு விழுந்துக்கிட்டே இருக்கு, உள்ளே புழுதி, புழுக்கம், ரத்த வாடை. கொஞ்சம் நர்சுகளை விமானத்துலயும் நீர்மூழ்கிக் கப்பல்லயும் வெளியே அனுப்ப முடிஞ்சுது. மிச்சம் இருந்தவங்க ஒரு படுக்கை விரிப்பைக் கிழிச்சு, அந்தச் சதுரத் துணியில அவங்கவங்க பேரை எழுதினாங்க. மொத்தம் 69 பெண்கள். நாங்க இங்கே இருந்தோம்னு யாருக்காவது தெரியட்டும்னு எழுதின பேருங்க ஐயா அது. கல்யாண வீட்ல மொய் நோட்டுல பேர் எழுதறோம். இவங்க எழுதினது வேற நோட்டு. (அமைதி)

மே 6ஆம் தேதி கொரகிடோர் விழுந்தது. ஜூலையில இவங்களை மணிலாவுக்குக் கொண்டுபோனாங்க. காயம்பட்ட சிப்பாய்களோடதான் நாமளும் போவோம்னு நினைச்சாங்க. இல்லை. சிப்பாய்கள் ஒரு பக்கம், இவங்க சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழகம். 1611ல தொடங்கின பழம்பெரும் கல்வி நிலையம் அது. அந்த வளாகத்தையே ஜப்பான் ராணுவம் சிறை முகாமா மாத்தியிருந்தது. மூவாயிரத்துக்கும் மேல வெள்ளைக்காரக் குடிமக்கள், கிழவங்க, குழந்தைங்க எல்லாம் உள்ளே.

இப்போ யோசிச்சுப் பாருங்க. அடைபட்டாச்சு. சம்பளம் கிடையாது. பார்க்க வேண்டிய சிப்பாய்களும் இல்லை. துப்பாக்கியைக் காட்டி வேலை பாருன்னு யாரும் விரட்டலை. நாமளா இருந்தா என்ன பண்ணுவோம்? ஒரு மூலையில உட்கார்ந்து தலையெழுத்தேன்னு அழுவோம். நான் நிச்சயமா அழுவேன்.

அங்கே ஒரு கேப்டன் இருந்தாங்க. மோட் டேவிசன். கனடாவுல பிறந்தவங்க, 1918லயே அமெரிக்க ராணுவ நர்சாச் சேர்ந்தவங்க. அப்போ 57 வயசு. ரொம்பக் கண்டிப்புன்னு பேரு. நம்ம பள்ளிக்கூட ஹெட்மிஸ்ட்ரஸ் வராண்டாவுல நடந்து வந்தா ரெண்டு பக்கமும் அமைதி ஆகும் பாருங்க, அந்த ரகம். (சிரிப்பு) அந்தம்மா நர்சுகளைக் கூப்பிட்டு உத்தரவு போட்டாங்க. ஒவ்வொருத்தரும் தினம் நாலு மணி நேரம் முகாம் ஆஸ்பத்திரியில டியூட்டி பார்க்கணும். யூனிஃபார்ம் போட்டுக்கிட்டுத்தான் வரணும். டியூட்டி லிஸ்ட் தயார். கைதியா இருக்கிற இடத்துல டியூட்டி லிஸ்ட் ஐயா! அதே மணிலாவுல பிடிபட்ட கடற்படை நர்சுகள் 11 பேர், லாரா காப் தலைமையில. அவங்க ஏற்கெனவே அங்கே வேலையில இறங்கியிருந்தாங்க. அவங்க முதல்ல பிடிபட்டபோது ஜப்பானியர் மருந்தையெல்லாம் அள்ளிக்கிட்டுப் போக வந்தாங்க. மலேரியாவுக்கு உயிர் மருந்து கொய்னா. அந்தப் பாட்டில் மேல சோடா உப்புன்னு சீட்டு ஒட்டிட்டாங்க. சோடா உப்பை எவன் எடுப்பான்? (சிரிப்பு, கைதட்டல்) வீட்ல நாம அரிசி டப்பாவுல பணத்தை ஒளிச்சு வைக்கலையா? உலகம் பூரா பெண்களுக்கு இந்த வித்தை ஒண்ணுதான். (பலத்த சிரிப்பு)

எங்க அத்தை ஒருத்தங்க அரசாங்க ஆஸ்பத்திரியில முப்பது வருஷம் நர்சு. மாமா திடீர்னு தவறிப்போனார். காரியம் முடிஞ்ச மூணாம் நாள் அத்தை யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கிட்டு நின்னாங்க. சொந்தக்காரங்க எல்லாம் வாயில கை வச்சாங்க. “கல்நெஞ்சுக்காரி”ன்னு ஒருத்தர் காதுபடவே சொன்னார். அத்தை கோபப்படலை. “வீட்ல இருந்தா நான் நோயாளி. வார்டுக்குப் போனா நான் நர்சு. எனக்கு எது நல்லதுன்னு எனக்குத் தெரியும்”னு சொல்லிட்டுப் பஸ் ஏறிட்டாங்க. மோட் டேவிசன் பத்திப் படிச்சப்போ எனக்கு அத்தைதான் ஞாபகம் வந்தாங்க. அந்த டியூட்டி லிஸ்ட் முகாமுல இருந்த நோயாளிகளுக்கு மட்டும் போட்டதில்லை ஐயா. அந்த நர்சுகளுக்கே கொடுத்த மருந்து அது. காலையில எழுந்திருக்க ஒரு காரணம். தலை சீவ ஒரு காரணம். ‘நான் கைதி’ங்கிறதை நாலு மணி நேரம் மறக்க ஒரு காரணம்.

1944 தொடக்கத்துல முகாம் நிர்வாகம் நேரடியா ஜப்பான் ராணுவத்து கைக்குப் போச்சு. அதுக்கப்புறம்தான் உண்மையான பட்டினி. அரிசிக் கஞ்சி, அதுவும் மாசத்துக்கு மாசம் தண்ணியாகிக்கிட்டே போச்சு. கடைசியில ஒருத்தருக்கு ஒரு நாளைக்குக் கிடைச்சது ஆயிரம் கலோரிக்கும் கீழே. டயட்ல இருக்கிறவங்களுக்கு இந்தக் கணக்கு நல்லாப் புரியும்! (சிரிப்பு) ஆனா நாம டயட் இருந்தா ஞாயித்துக்கிழமை பிரியாணி உண்டு. அவங்களுக்குக் காட்டுச் செடி, கிழங்கு வேர். கால் வீங்கும் பெரிபெரி நோய். அந்த வீங்கின காலோட மாடிப்படி ஏறணும், நடுப்படியில உட்கார்ந்து மூச்சு வாங்கிட்டு, எழுந்து வார்டுக்குப் போகணும். மோட் டேவிசன் உள்ளே வரும்போது 156 பவுண்டு எடை. வெளியே வரும்போது 80 பவுண்டு. நம்ம கணக்குல 70 கிலோ இருந்தவங்க 36 கிலோ. எட்டாங்கிளாஸ் படிக்கிற பொண்ணு எடை.

அந்த முகாம் ஆஸ்பத்திரியில ஒரு டாக்டர். ஸ்டீவன்சன்னு பேரு. பட்டினியால செத்தவங்களோட சர்ட்டிஃபிகேட்ல பட்டினின்னே எழுதினார். அதை மாத்தி எழுதச் சொன்னாங்க. மாட்டேன்னார். 1945 ஜனவரியில அவரைத் தூக்கி ஜெயில்ல போட்டாங்க. சிறைக்குள்ள சிறை! ஒரு வார்த்தையை மாத்தியிருந்தா ஒரு வேளை கஞ்சியாவது நிம்மதியாக் குடிச்சிருக்கலாம். அந்த வார்த்தை அவரோட டியூட்டி.

1945 பிப்ரவரி 3ஆம் தேதி ராத்திரி அமெரிக்க டாங்கிகள் சாந்தோ தோமாஸ் கேட்டை இடிச்சுக்கிட்டு உள்ளே வந்துது. விடுதலை! நம்பிக்கை அணி கை தட்டலாம், விடிஞ்சிருச்சு. ஆனா கொஞ்சம் பொறுங்க. நாலு நாள் கழிச்சு, பிப்ரவரி 7ஆம் தேதி, வெளியே இருந்த ஜப்பான் படை அதே முகாம் மேல பீரங்கி அடிச்சுது. மூணு வருஷம் உயிரைப் பிடிச்சு வச்சிருந்தவங்க, விடுதலை ஆன பிறகு செத்துப்போனாங்க. காயம்பட்டவங்களைத் தூக்கிக்கிட்டு வந்தப்போ அங்கே யார் நின்னாங்க? எலும்பும் தோலுமா இருந்த இதே நர்சுகள். “நாங்க விடுதலை ஆயிட்டோம், வேற ஆளைப் பாருங்க”ன்னு ஒருத்தரும் சொல்லலை. சில நாள்ல அமெரிக்காவுலேர்ந்து புது நர்சுகள் வந்தாங்க. டியூட்டி மாத்திவிட ஆள் வந்தாச்சு. மூணு வருஷம் கழிச்சு! வார்டை ஒப்படைச்சுட்டு, பிப்ரவரி 12ஆம் தேதி கிளம்பினாங்க. கடற்படை நர்சுகள் வேற ஊர்ல, லாஸ் பானோஸ் முகாமுல இருந்தாங்க. பிப்ரவரி 23ல அவங்களும் மீட்கப்பட்டாங்க. ராணுவ நர்சுகள் 66, கடற்படை நர்சுகள் 11. ஆக 77 பேர். அந்த முகாம்கள்ல நூத்துக்கணக்கானவங்க செத்திருக்காங்க. இந்த 77 பேர்ல ஒருத்தர்கூடச் சாகலை. (நீண்ட கைதட்டல்)

(நடுவர்: அம்மா, நல்லாச் சொன்னீங்க. ஒரு சந்தேகம். கடமையைச் செஞ்சா சாவு வராதுன்னு சொல்றீங்களா? அப்படின்னா கடமையைச் செஞ்சுக்கிட்டே செத்தவங்களுக்கு என்ன பதில்?)

இந்தக் கேள்விக்கு மழுப்பாம பதில் சொல்லணும் ஐயா. இல்லை, அப்படிச் சொல்லலை. அந்த 77 பேரும் பிழைச்சதுக்கு வேற காரணங்களும் உண்டு. அது குடிமக்கள் முகாம், பெரும்பாலும் இளம் வயசு, உடம்பைப் பத்தின அறிவு. இதையெல்லாம் மறைச்சுட்டு நான் கைதட்டல் வாங்கினா அது நியாயமில்லை. அதனால நானே எனக்கு எதிரான கதையையும் சொல்லிடறேன்.

அதே 1942 பிப்ரவரி. சிங்கப்பூர் விழப்போகுது. 65 ஆஸ்திரேலிய ராணுவ நர்சுகளை வைனர் புரூக் என்கிற கப்பல்ல ஏத்தி அனுப்பினாங்க. சுமத்ராவுக்குப் பக்கத்துல, பாங்கா தீவு கிட்டே, பிப்ரவரி 14ஆம் தேதி குண்டு போட்டுக் கப்பலை மூழ்கடிச்சாங்க. 12 நர்சுகள் கடலோட போயிட்டாங்க. 22 பேர் ஒரு கடற்கரையில ஒதுங்கினாங்க. கூட இருந்த காயம்பட்டவங்களைக் கவனிச்சுக்கிட்டு, சரணடையக் காத்திருந்தாங்க. 16ஆம் தேதி வந்த ஜப்பான் சிப்பாய்கள் அந்த 22 பேரையும் கடலுக்குள்ள நடக்கச் சொல்லிப் பின்னாலேர்ந்து சுட்டாங்க. 21 பேர் அங்கேயே முடிஞ்சாங்க. ஒரே ஒருத்தர், விவியன் புல்விங்கல், இடுப்புக்கு மேல குண்டு துளைச்சுப் போய், செத்தமாதிரி தண்ணியில மிதந்து தப்பிச்சாங்க.

தப்பிச்ச அந்தப் பொண்ணு காட்டுக்குள்ள என்ன செஞ்சாங்க? குத்துப்பட்டுக் கிடந்த ஒரு பிரிட்டிஷ் சிப்பாயைப் பார்த்தாங்க. தன் இடுப்புல ஓட்டை. அவனுக்குக் கட்டுப் போட்டாங்க. கிராமத்துல போய்ச் சோறு கேட்டாங்க. ஆண்கள் பயந்து மறுத்தாங்க, பெண்கள் ரகசியமாக் கொண்டுவந்து கொடுத்தாங்க. பன்னெண்டு நாள் போல அவனை வச்சுக் காப்பாத்தினாங்க. இனி முடியாது, சரணடையலாம்னு முடிவு பண்ணினப்போ அவன் ஒரு நாள் தவணை கேட்டான். மறுநாள் அவனுக்கு 39 வயசு முடியுதாம். பிறந்தநாளைச் சுதந்திரமாக் கழிக்கணுமாம். காத்திருந்தாங்க ஐயா. காட்டுல ஒரு பிறந்தநாள். அப்புறம் சரணடைஞ்சாங்க. உடுப்புல இருந்த குண்டு ஓட்டையைத் தண்ணிக் குடுவையை வச்சு மறைச்சுக்கிட்டாங்க. தெரிஞ்சா சாட்சி உயிரோட இருக்கான்னு கொன்னுடுவாங்களே! அந்தச் சிப்பாய் கொஞ்ச நாள்ல செத்துப்போனான்.

அவங்களோட சேர்த்து 32 நர்சுகள் சுமத்ரா பக்கம் மூணரை வருஷம் கைதிகள். அங்கே ஒழுங்கான ஆஸ்பத்திரி இல்லை, மருந்து இல்லை. இருந்தும் வியாதிக்காரங்களைப் பார்த்தாங்க, செத்தவங்களுக்குக் குழி தோண்டினாங்க, தங்களோட தோழிகளையே தூக்கிக்கிட்டுப் போய்ப் புதைச்சாங்க. 8 பேர் செத்துட்டாங்க. கடைசி நர்சு செத்த தேதி 1945 ஆகஸ்ட் 18. போர் முடிஞ்சு மூணு நாள் ஆச்சு. முகாமுக்குள்ள யாருக்கும் சேதி சொல்லலை. (அமைதி)

இதுதான் ஐயா உங்க கேள்விக்குப் பதில். கடமை உடம்பைக் காப்பாத்தும்னு நான் உத்தரவாதம் தரலை. உறவும் தராது, நம்பிக்கையும் தராது. நான் கேக்கறது வேற. மிச்சம் 24 பேர் செப்டம்பர்ல மீட்கப்பட்டு விமானம் ஏறினாங்களே, அப்போ என்ன உடுத்தியிருந்தாங்க? பொத்திப் பொத்தி வச்சிருந்த, நைஞ்சுபோன, சாம்பல் நிற நர்ஸ் யூனிஃபார்ம். சோத்துக்காக எதையெதையோ வித்த பெண்கள், அதை மட்டும் விக்கலை. புல்விங்கல் போட்டிருந்த குண்டு துளைச்ச உடுப்பு இன்னைக்கும் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்துல இருக்கு. 1946ல டோக்கியோ விசாரணை மன்றத்துல போய் அந்த அம்மா சாட்சி சொன்னாங்க. திரும்பி வந்து மெல்போர்ன்ல ஒரு ஆஸ்பத்திரிக்குத் தலைமை நர்சா வேலை பார்த்தாங்க. 2000ல காலமானாங்க. 2023ல அவங்களுக்கு அந்த நினைவகத்துல சிலை வச்சாங்க.

(மணி ஒலிக்கிறது)

ரெண்டு நிமிஷம் ஐயா. மோட் டேவிசன் கதையை முடிக்கலையே. நாடு திரும்பின நர்சுகளுக்கு ஆளுக்கொரு வெண்கல நட்சத்திரப் பதக்கம், ஒரு பதவி உயர்வு. மோட் டேவிசனுக்குச் சிறப்புச் சேவைப் பதக்கம் கொடுக்கணும்னு சிபாரிசு போச்சு. ராணுவத்துல உட்கார்ந்து யோசிச்சாங்க. டாக்டர்களுக்குக் கீழேதானே வேலை பார்த்தாங்க, சுயமான பொறுப்புன்னு சொல்ல முடியாதேன்னு நிராகரிச்சுட்டாங்க. பாத்தீங்களா, வள்ளுவர் சொன்ன அந்த நாலாவது ஆள்! 70 கிலோவுலேர்ந்து 36 கிலோவுக்கு வந்த பொறுப்பு யாரோட பொறுப்பாம்? (கைதட்டல்) 1956ல அந்த அம்மா கண்ணை மூடிட்டாங்க. பதக்கம் எப்போ வந்தது தெரியுமா? 2001ல. செத்து 45 வருஷம் கழிச்சு.

(நடுவர்: அடேயப்பா! நம்ம ஊர் பென்ஷன் ஃபைலே பரவாயில்லை போல இருக்கே! – பலத்த சிரிப்பு)

ஐயாவே சொல்லிட்டாங்க. பதக்கம் வரும்னு நம்பியும் அவங்க வேலை பார்க்கலை, சொந்தக்காரங்களுக்காகவும் பார்க்கலை. லிஸ்ட்ல பேர் இருந்தது, பார்த்தாங்க. மணி ரெண்டாவது தடவை அடிக்கறதுக்குள்ள உட்கார்ந்துடறேன்.

(பலத்த கைதட்டல்)